வாங்கிய கேமைப் பூட்டும் உரிமை யாருக்கு?

2024 மார்ச் 31 அன்று ‘தி க்ரூ’ என்ற கார் பந்தய கேமின் சர்வர்களை யுபிசாஃப்ட் நிறுவனம் நிறுத்தியது. பிரான்ஸின் லியோன் நகரில் இயங்கும் ஐவரி டவர் ஸ்டுடியோ உருவாக்கி, 2014 டிசம்பரில் வெளிவந்த கேம் அது. அமெரிக்கா முழுவதையும் சுருக்கி ஒரே வரைபடத்தில் அடக்கியிருந்தார்கள். கிழக்குக் கரையில் கிளம்பி மேற்குக் கரை வரை நிற்காமல் ஓட்டினால் ஏறக்குறைய முக்கால் மணி நேரம் ஆகும். பலருக்கு அந்தப் பயணத்துக்காகவே அந்த கேம் பிடித்தது. அதன் கதைப் பகுதியைத் தனியாகவே ஆடலாம், கூட ஆட யாரும் தேவையில்லை. ஆனாலும் யுபிசாஃப்டின் சர்வரோடு தொடர்பு கிடைத்தால்தான் திறக்கும்படி அதைக் கட்டியிருந்தார்கள். சர்வர் போனதும் கேமும் போனது. கடையில் காசு கொடுத்து டிஸ்க்காக வாங்கி அலமாரியில் வைத்திருந்தவர்களுக்கும் அதே கதிதான்.

அதோடு நிற்கவில்லை. ஏப்ரலில் தங்கள் யுபிசாஃப்ட் கணக்கைத் திறந்த பலர், அந்த கேமுக்கான உரிமமே பறிக்கப்பட்டிருந்ததைக் கண்டார்கள். இந்த கேம் இனி உங்களுக்குக் கிடையாது, கடைப் பக்கம் போய் வேறு ஏதாவது பாருங்கள் என்ற பொருளில் ஒரு செய்தி மட்டும் இருந்தது. ரசிகர்கள் சொந்தச் செலவில் மாற்று சர்வர் அமைத்து கேமை உயிர்ப்பிக்க முயன்றுகொண்டிருந்த நேரம் அது. மிகச் சமீபத்தில் வாங்கியவர்களுக்குத்தான் பணம் திரும்பக் கிடைத்தது. அதற்கு முன் வாங்கிய அத்தனை பேருக்கும் ஒன்றுமில்லை.

இதற்குச் சில மாதங்கள் முன்பு, 2024 ஜனவரியில், யுபிசாஃப்டின் சந்தா சேவைப் பிரிவு இயக்குநர் பிலிப் ட்ரெம்ப்ளே ஒரு பேட்டி கொடுத்திருந்தார். படங்களையும் பாடல்களையும் டிஸ்க்காக வைத்திருந்த பழக்கத்தை மக்கள் விட்டுவிட்டார்கள், கேமைச் சொந்தமாக வைத்திருக்காத நிலைக்கும் கேமர்கள் பழகிக்கொள்ள வேண்டும் என்பது அவர் சொன்னதன் சாரம். சந்தா சேவை எப்படி வளரும் என்ற கேள்விக்கு அவர் சொன்ன பதில் அது, மிரட்டலாகச் சொல்லவில்லை. ஆனால் க்ரூ மூடப்பட்ட பிறகு அந்தப் பேட்டியைப் படித்தவர்களுக்கு அது வேறு மாதிரி கேட்டதில் வியப்பில்லை. யுபிசாஃப்டின் எந்த கேமையும் இனி வாங்கக் கூடாது என்ற குரல் உலகம் முழுக்க எழுந்தது.

அந்தக் குரல் நியாயமானதா என்று கேட்டால், ஆம் என்பேன். அது பலிக்குமா என்பதுதான் கடினமான கேள்வி. ஒரு நிறுவனத்தின் பெயரைச் சொல்லி, எல்லாவற்றையும் என்றென்றும் வாங்காதே என்று விடுக்கப்பட்ட அழைப்புகள் பெரும்பாலும் தோற்றிருக்கின்றன. ஒரு குறிப்பிட்ட நிபந்தனையைச் சுட்டி, அதை நீக்கும் வரை என் பணம் கிடையாது என்று சொன்னவை வென்றிருக்கின்றன. கேம் உலகின் கடந்த பதினைந்து ஆண்டுகளைப் பார்த்தால் இது தெளிவாகத் தெரிகிறது.

2009-இல் சிரித்தோம்

முதலில் தோல்வி. 2009 நவம்பர் 10 அன்று ‘கால் ஆஃப் டியூட்டி: மாடர்ன் வார்ஃபேர் 2’ வெளிவந்தது. கணினியில் ஆடுபவர்கள் தாங்களே சர்வர் அமைத்து நடத்தும் வசதி இம்முறை கிடையாது என்று அதற்குச் சில வாரங்கள் முன்பு அறிவித்திருந்தார்கள். கொதித்தெழுந்த லட்சத்துக்கும் மேற்பட்டோர் எதிர்ப்பு மனுவில் கையெழுத்திட்டார்கள். கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் தளத்தில் ஒரு புறக்கணிப்புக் குழு உருவானது. கேம் வெளியானதும் யாரோ ஒருவர் அந்தக் குழுவின் உறுப்பினர் பட்டியலைப் படமெடுத்துப் போட்டார். யார் என்ன ஆடிக்கொண்டிருக்கிறார்கள் என்பதை ஸ்டீம் காட்டும். அந்தப் படத்தில் இருந்தவர்களில் பெரும்பாலோர் பெயருக்குக் கீழே அதே மாடர்ன் வார்ஃபேர் 2. வட அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் மட்டும் முதல் நாளில் 47 லட்சம் பிரதிகள் விற்றன. வசூல் 31 கோடி டாலர்.

கேமர்களின் வாய்ச்சவடாலுக்கு அத்தாட்சியாக அந்தப் படத்தை இன்றும் சுற்றவிடுகிறார்கள். எனக்கு அந்தச் சிரிப்பில் பங்கில்லை. பள்ளித் தோழர்கள், அலுவலக நண்பர்கள், ஊர் விட்டு ஊர் போன உறவினர்கள் எல்லோரும் இரவில் சந்திக்கும் இடமே அந்த கேம் என்னும்போது, ஒருவர் மட்டும் விலகி நின்றால் அவர் இழப்பது கேமை மட்டுமல்ல. சோப்பு வாங்குபவருக்கு இந்தச் சிக்கல் இல்லை, வேறு சோப்பு வாங்கிக்கொள்வார். கிளப்புகளின் உண்மையான பெயரும் சீருடையும் கொண்ட கால்பந்து கேம் வேண்டும் என்பவருக்கு எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தை விட்டால் போக இடம் அநேகமாக இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அன்று அவர்கள் கேட்டது எதை? எங்கள் சர்வரை நாங்களே நடத்திக்கொள்கிறோம் என்பதைத்தான். அந்த வசதி கேம் உலகில் வழக்கமாக நிலைத்திருந்தால், பதினைந்து ஆண்டுகள் கழித்து ஒரு நிறுவனம் பொத்தானை அழுத்தி ஒரு கேமை உலகம் முழுவதும் அணைத்திருக்க முடியாது. 2009-இல் கேலிக்கு ஆளானவர்கள் முன்கூட்டியே சரியாகப் பார்த்திருக்கிறார்கள்.

எலக்ட்ரானிக் ஆர்ட்ஸின் கதை இன்னும் பாடம் சொல்வது. அமெரிக்காவின் ‘தி கன்ஸ்யூமரிஸ்ட்’ தளம் நடத்திய வாக்கெடுப்பில் 2012, 2013 என்று அடுத்தடுத்து இரண்டு முறை ‘அமெரிக்காவின் மிக மோசமான நிறுவனம்’ என்ற பட்டம் அதற்குக் கிடைத்தது. வங்கிகளையும் தொலைத்தொடர்பு நிறுவனங்களையும் முந்தி வாங்கிய பட்டம். அதன் பிறகு என்ன ஆனது? 2021-இல் முடிந்த நிதியாண்டில், கால்பந்து கேம் முதலானவற்றில் வீரர் அட்டைகளை மூடிய பொட்டலமாக விற்கும் ‘அல்டிமேட் டீம்’ பிரிவு மட்டும் அந்த நிறுவனத்துக்கு 162 கோடி டாலர் ஈட்டித் தந்தது.

வெறுப்பு வருமானத்தைத் தொடாமல் போனதற்குக் காரணம், இந்தப் பணம் எல்லோரிடமிருந்தும் சமமாக வருவதில்லை என்பதுதான். கேமுக்குள் நடக்கும் விற்பனையில் பெரும்பாலோர் எதுவும் வாங்குவதில்லை. ஒரு சிறு கூட்டம் திரும்பத் திரும்ப வாங்குகிறது, வருமானத்தின் பெரும்பகுதி அவர்களிடமிருந்து வருகிறது. இத்தொழிலில் அவர்களைத் ‘திமிங்கிலங்கள்’ என்றே அழைக்கிறார்கள். அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. அவர்களில் பலர் தங்களைக் கட்டுப்படுத்த முடியாமல் தவிப்பவர்கள். எப்போதும் எதுவும் வாங்காத ஆயிரம் பேர் கோபித்துக்கொண்டு போனால் கணக்கில் ஒன்றும் குறைவதில்லை. போதாக்குறைக்கு, சவுதி அரேபியாவின் அரசு முதலீட்டு நிதியம் உள்ளிட்ட மூவர் சேர்ந்து 5,500 கோடி டாலருக்கு எலக்ட்ரானிக் ஆர்ட்ஸை வாங்கி, பங்குச் சந்தையிலிருந்து விலக்கிக்கொள்ளும் ஒப்பந்தம் 2025 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. பங்கு விலை சரியும் என்ற பயமும் அப்படிப்பட்ட நிறுவனத்துக்கு இருக்காது.

மூன்று நாளில் பணிந்த சோனி

இனி வெற்றிகள். 2024 மே மாதத் தொடக்கத்தில், ‘ஹெல்டைவர்ஸ் 2’ கேமைக் கணினியில் ஆடுபவர்கள் இனிக் கட்டாயம் பிளேஸ்டேஷன் கணக்கை இணைக்க வேண்டும் என்று சோனி அறிவித்தது. ஸ்வீடனின் ஆரோஹெட் ஸ்டுடியோ உருவாக்கிய அந்த கேம் அப்போதுதான் உச்சத்தில் இருந்தது. பிளேஸ்டேஷன் சேவையோ அப்போது ஏராளமான நாடுகளில் கிடையாது. எஸ்தோனியா, லாட்வியா, பிலிப்பைன்ஸ் போன்ற நாடுகளில் இருந்தவர்களால் அந்தக் கணக்கைத் தொடங்கவே முடியவில்லை. இலங்கைக்கும் அதே நிலைதான். அந்த நாடுகளில் பலவற்றில் கேமை விற்று மூன்று மாதம் காசு பார்த்துவிட்டு, இப்போது கதவைச் சாத்துகிறார்கள்.

ஸ்டீமில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட எதிர்மறை விமர்சனங்கள் குவிந்தன. பலர் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். வழக்கமான கெடுவைத் தாண்டி ஆடியிருந்தவர்களில் சிலருக்கும் பணம் கிடைத்ததாகச் செய்திகள் வந்தன. மூன்றே நாளில் சோனி அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. இங்கே கோரிக்கை ஒன்றே ஒன்று, அதை நிறைவேற்ற சோனி செய்ய வேண்டியதும் ஒன்றே ஒன்று. கணக்கு தொடங்க வழியுள்ள ஊர்களில் இருந்தவர்களும் வழியற்றவர்களுக்காகச் சேர்ந்து குரல் கொடுத்தார்கள். இந்தப் போராட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி இதுதான்.

2017 நவம்பரில் ‘ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃப்ரன்ட் 2’ வெளிவரும் தறுவாயிலும் இப்படித்தான் நடந்தது. டார்த் வேடர் போன்ற நாயகப் பாத்திரங்களைத் திறக்க 60,000 புள்ளிகள் சேர்க்க வேண்டும்; அதற்கு ஏறக்குறைய 40 மணி நேரம் ஆட வேண்டும் என்று கேமர்கள் கணக்குப் போட்டார்கள். எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் சொன்ன சமாதானம் ரெடிட் வரலாற்றிலேயே அதிக எதிர் வாக்குகள் பெற்ற பதிவாகி, கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. புள்ளிகளை 15,000 ஆகக் குறைத்தும் சூடு தணியவில்லை. அதிகாரபூர்வ வெளியீட்டுக்குச் சற்று முன்பு, கேமுக்குள் பணம் கொடுத்து வாங்கும் வசதி மொத்தத்தையும் நிறுத்தினார்கள். ஐரோப்பிய அரசுகளின் கண்ணும் இதன் மேல் விழுந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் வாங்கும் லூட் பாக்ஸ்கள் சூதாட்டமே என்று பெல்ஜியம் 2018 ஏப்ரலில் அறிவித்தது. 2019 ஜனவரியோடு அந்த நாட்டில் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸின் கால்பந்து கேமுக்கான ஃபிஃபா புள்ளிகளின் விற்பனை நின்றது. ஐந்தாறு ஆண்டுகளாகப் பட்டம் கொடுத்துத் திட்டியும் நடக்காதது இது.

இரண்டிலும் நேரம் முக்கியம். ஒன்று கேம் உச்சத்தில் இருந்தபோது. இன்னொன்று வெளியீட்டு வாரத்தில். ஒரு வெளியீட்டு நிறுவனம் நம் பேச்சைக் காது கொடுத்துக் கேட்கும் காலம் அவ்வளவுதான். முன்பதிவு செய்து பணத்தை முன்னாலேயே கொடுத்துவிட்டால் அந்தக் காலத்தையும் நாமே கைகழுவிவிடுகிறோம்.

பணத்தைத் திருப்பிக் கேட்கும் உரிமையும் தானாக வந்ததல்ல. ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம் வெகுகாலம் பணத்தைத் திருப்பித் தராது என்றே இருந்தது. 2014-இல் ஆஸ்திரேலிய நுகர்வோர் ஆணையம் வழக்குத் தொடுத்தது. இரண்டு வாரத்துக்குள், இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆடாமல் இருந்தால் பணம் திரும்பத் தரப்படும் என்ற விதியை 2015 ஜூனில் ஸ்டீம் கொண்டுவந்தது. மறு ஆண்டு அந்த வழக்கில் வால்வ் தோற்றது; அதற்கு 30 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. ஏதோ ஒரு நாட்டின் நுகர்வோர் ஆணையம் பிடிவாதமாக நின்றதன் பலனை இன்று எல்லா நாட்டு கேமர்களும் அனுபவிக்கிறார்கள்.

நிறுவனங்களின் பக்கம்

வெளியீட்டு நிறுவனங்கள் சொல்வதைக் கேட்காமல் தீர்ப்பு எழுதக் கூடாது. சர்வருக்கு மாதா மாதம் செலவு இருக்கிறது. கார் நிறுவனங்களின் சின்னங்களுக்கும் பாடல்களுக்கும் வாங்கிய அனுமதி ஒரு கட்டத்தில் காலாவதியாகும். சர்வர் மென்பொருளில் பிறரிடம் உரிமம் பெற்ற பகுதிகள் கலந்திருக்கும், அப்படியே தூக்கி வெளியே கொடுக்க முடியாது. ரசிகர்கள் நடத்தும் சர்வரில் யாராவது தகாததைச் செய்தால் பழி யார் மேல் விழும்? ‘வீடியோ கேம்ஸ் யூரோப்’ என்ற தொழில் கூட்டமைப்பு 2025 ஜூலையில் சொன்னது ஏறத்தாழ இவற்றைத்தான்.

ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே உலகில் சேர்ந்து ஆடும் பெரிய கேம்களுக்கு இந்த வாதங்களில் கணிசமான உண்மை உண்டு. தனியாக ஆடக்கூடிய ஒரு கார் கேமுக்கு இவை பொருந்தவில்லை. அனுமதி காலாவதியானால் புதிதாக விற்கத்தான் முடியாது. விற்றதைப் பிடுங்கச் சொல்லி எந்தக் கார் நிறுவனமும் கேட்டதாக நான் அறியவில்லை. முடியும் என்பதற்கு நல்ல உதாரணங்களும் இருக்கின்றன. சோனியின் ‘கிரான் டூரிஸ்மோ ஸ்போர்ட்’ சர்வர்கள் 2024 ஜனவரியில் மூடப்பட்டபோது, இணையம் இல்லாமலே பெரும்பகுதியை ஆடும்படி மாற்றிக்கொடுத்தார்கள். ‘நாக்அவுட் சிட்டி’ என்ற சிறிய கேமை 2023-இல் மூடிய வேலன் ஸ்டுடியோ, ரசிகர்களே சர்வர் நடத்திக்கொள்ளும் பதிப்பைக் கொடுத்துவிட்டுப் போனது. 2024 ஆகஸ்ட்டில் வந்து இரண்டே வாரத்தில் படுத்த ‘கான்கார்ட்’ கேமை வாங்கியவர்களுக்கு சோனி பணத்தைத் திருப்பிக் கொடுத்தது.

எல்லாவற்றையும்விட வலுவான சான்றை யுபிசாஃப்டே தந்திருக்கிறது. கண்டனம் வலுத்த பிறகு, ‘தி க்ரூ 2’ கேமை இணையம் இல்லாமல் ஆடும் வசதியைச் செய்துதருவதாக 2024-இல் அறிவித்து, 2025 அக்டோபரில் கொடுத்தும் விட்டது. அதே ஐவரி டவர் ஸ்டுடியோ, அதே வகைக் கேம். இரண்டாவதுக்குச் செய்ய முடிந்ததை முதலாவதுக்கு ஏன் செய்யவில்லை என்ற கேள்விக்கு, அன்று யாரும் வற்புறுத்தவில்லை என்பதைத் தவிர எனக்கு வேறு பதில் தோன்றவில்லை.

நீதிமன்றத்தில் யுபிசாஃப்டின் நிலைப்பாடு வேறு. முதல் க்ரூ மூடப்பட்டதை எதிர்த்து, 2024 நவம்பரில் கலிபோர்னியாவில் இரண்டு கேமர்கள் வழக்குத் தொடுத்தார்கள். அவர்கள் வாங்கியது கேமை அல்ல, அதைப் பயன்படுத்தும் உரிமத்தை மட்டுமே, அட்டையிலேயே அப்படிப் போட்டிருக்கிறது என்று யுபிசாஃப்டின் வழக்கறிஞர்கள் வாதிட்டார்கள். வழக்குத் தொடுத்தவர்கள் திரும்ப அட்டையையே எடுத்து நீட்டினார்கள்: அதற்குள் இருந்த குறியீடு 2099 வரை செல்லும் என்று அச்சிட்டிருந்தது! எழுபத்தைந்து ஆண்டுகள் மிச்சமிருக்கும் ஒரு வாக்குறுதியை மதிக்காதவர்கள், பொடி எழுத்தில் இருக்கும் நிபந்தனையை மட்டும் நாம் மதிக்க வேண்டும் என்கிறார்கள்.

கலிபோர்னியா ஒரு சட்டமும் இயற்றியது. 2025 ஜனவரி 1 முதல், வெறும் உரிமத்தை விற்கும் தளங்கள் அதைத் தெளிவாகச் சொல்லாமல் ‘வாங்குங்கள்’ என்று பொத்தான் வைக்கக் கூடாது. ஸ்டீம் அதற்கு முன்பே பணம் கட்டும் பக்கத்தில் ஒரு வரி சேர்த்துவிட்டது. உண்மையைச் சொன்ன வரையில் நல்லது. ஆனால் பறிக்கப்போகிறோம் என்று முன்கூட்டிச் சொல்லிவிட்டால் பறிப்பது நியாயமாகிவிடாது.

கையெழுத்துகள் செய்த வேலை

க்ரூ மூடப்பட்டதைப் பார்த்துப் பொறுக்காமல், 2024 ஏப்ரலில் ராஸ் ஸ்காட் என்ற யூடியூபர் ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’ இயக்கத்தைத் தொடங்கினார். யாரையும் புறக்கணிக்கச் சொல்வது அதன் நோக்கமல்ல. சர்வரை என்றென்றும் நடத்துங்கள் என்றும் அது கேட்கவில்லை. ஆதரவை நிறுத்தும்போது கேமை ஓரளவாவது ஆடக்கூடிய நிலையில் விட்டுவிட்டுப் போங்கள், இனிமேல் வரும் கேம்களுக்காவது இதைச் சட்டமாக்குங்கள் என்பதே கோரிக்கை. ஐரோப்பிய ஒன்றியத்தில் பத்து லட்சம் குடிமக்கள் கையெழுத்திட்டு, குறைந்தது ஏழு நாடுகளில் உரிய எண்ணிக்கையும் எட்டினால் ஐரோப்பிய ஆணையம் முறைப்படி பதில் சொல்லியாக வேண்டும். அந்த வழியை அவர் பிடித்தார்.

ஓராண்டு கெடு முடிய ஒரு மாதமே இருந்த 2025 ஜூனில் பாதி இலக்கைக்கூடத் தொடவில்லை. இயக்கம் தோற்கப்போகிறது என்று ஸ்காட் மனம் நொந்து ஒரு காணொளி போட்டார். அதைப் பார்த்த பிற யூடியூபர்கள் தங்கள் ரசிகர்களைத் திரட்ட, ஜூலை 3 அன்று பத்து லட்சத்தைத் தாண்டியது. ஜூலை 31-இல் கெடு முடியும்போது 14 லட்சத்துக்கும் மேல். ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் துணைத் தலைவர்களில் ஒருவரான நிகோலாய் ஷ்டெஃபனுட்சா வெளிப்படையாக ஆதரித்தார். பிரிட்டனில் தனியாக நடந்த மனுவும் லட்சத்தைக் கடந்து, 2025 நவம்பரில் நாடாளுமன்றத்தில் விவாதத்துக்கு வந்தது. சட்டத்தைத் திருத்தும் எண்ணம் இல்லை என்றே அரசு சொன்னது. ஆனாலும் விற்ற கேமைப் பிடுங்கலாமா என்று மக்கள் பிரதிநிதிகள் எழுந்து பேசினார்கள். அது எனக்குச் சிறிய விஷயமாகத் தெரியவில்லை.

இந்தியாவில் கேம் வாங்குபவர்களுக்கு என்ன பாதுகாப்பு? 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் மின்வணிகம் என்பதற்குள் டிஜிட்டல் பொருட்களையும் சேர்த்திருக்கிறது. 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், இணையத்தில் நுகர்வோரை ஏய்க்கும் 13 உத்திகளைப் பட்டியலிட்டுத் தடை செய்தது. சந்தாவிலிருந்து வெளியேற விடாமல் சுற்றவிடுவது அதில் உண்டு. விற்ற கேமை அணைப்பது இல்லை. அதைச் சேர்க்கச் சொல்லி யாராவது கேட்க வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு கேம் தொடர்பான புகார்களும் போனால்தான் இப்படி ஒரு பிரச்சினை இருப்பதே ஆணையத்துக்குத் தெரியும்.

யுபிசாஃப்டை என்ன செய்வது?

அந்த நிறுவனம் இன்று பலவீனமாக இருக்கிறது. 2018-இல் 100 யூரோவைத் தொட்ட அதன் பங்கு, 2025-இல் 10 யூரோவுக்கும் கீழே இறங்கியது. அசாசின்ஸ் க்ரீட் முதலிய மூன்று பெரிய வரிசைகளைத் தனி நிறுவனமாகப் பிரித்து, அதில் கால் பங்கைச் சீனாவின் டென்சென்ட்டுக்கு 116 கோடி யூரோவுக்குக் கொடுத்தது. 2024-இல் ‘ஸ்டார் வார்ஸ் அவுட்லாஸ்’ எதிர்பார்த்தபடி விற்காதபோது அது என்ன செய்தது என்பதைக் கவனிக்க வேண்டும். அடுத்து வரவிருந்த ‘அசாசின்ஸ் க்ரீட் ஷாடோஸ்’ வெளியீட்டைத் தள்ளிப்போட்டது. முன்பதிவுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. சீசன் பாஸ் விற்கும் முறையைக் கைவிட்டது. ஒதுக்கி வைத்திருந்த ஸ்டீமில் முதல் நாளே வெளியிடுவதாகச் சொன்னது. இத்தனைக்கும் அவுட்லாஸை வாங்காதவர்கள் கொள்கைக்காக வாங்காமல் இருந்தவர்கள் அல்லர். பலருக்கு அது பிடிக்கவில்லை, அவ்வளவுதான். விற்பனை சரிந்தால் இந்த நிறுவனம் வளையும் என்பது தெரிந்துவிட்டது.

ஆனால் விற்பனை சரிந்தால் முதலில் வேலை இழப்பவர் யார் என்பதும் தெரியும். ‘எக்ஸ்டிஃபையன்ட்’ கேம் தோற்றதும், 2024 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோ, ஒசாகா ஸ்டுடியோக்களை மூடினார்கள். சிட்னி ஸ்டுடியோவில் குறைத்தவர்களையும் சேர்த்து 277 பேர் வேலை இழந்தார்கள். சர்வரை அணைப்பதா வேண்டாமா என்று அவர்களை யாரும் கேட்டதில்லை. புனேயிலும் மும்பையிலும் யுபிசாஃப்டுக்கு ஸ்டுடியோக்கள் இருக்கின்றன. அங்கே வேலை பார்க்கும் நம் பிள்ளைகளும் இதில் அடக்கம். யுபிசாஃப்ட் என்ற பெயர் இருந்தாலே தொடாதே என்று சொல்ல எனக்கு மனம் வராததற்கு இதுவும் ஒரு காரணம். உழைப்பாளிகளின் வேலையோடு விளையாடுகிறோம் என்று தெரிந்தால், நாம் கேட்பது என்ன என்பதில் கூடுதல் துல்லியம் வேண்டும்.

ஆகவே நான் சொல்லும் புறக்கணிப்பு இதுதான். இணையம் இல்லாமல் தனியாக முழுமையாக ஆடக்கூடிய யுபிசாஃப்ட் கேம் பிடித்திருந்தால் தாராளமாக வாங்குங்கள். அப்படிச் செய்தால் விற்பனையாகும் என்று அவர்களுக்குத் தெரியட்டும். தனியாக ஆடும் கேமுக்கும் சர்வர் கட்டாயம் என்று வைத்துவிட்டு, சர்வர் போன பிறகு என்ன என்பதற்குப் பதில் சொல்லாத கேமை, யுபிசாஃப்ட் விற்றாலும் வேறு எவர் விற்றாலும் வாங்காதீர்கள். எந்த கேமுக்கும் முன்பதிவு செய்யாதீர்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டு இணையக் கட்டாயம் இருப்பது தெரியவந்தால், இரண்டு மணி நேரம் ஆடி முடிக்கும் முன் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். ஸ்டீமில் அப்படிக் கேட்கும்போது காரணம் எழுத ஒரு கட்டம் வரும். சர்வர் மூடப்பட்டால் இந்த கேம் என்ன ஆகும் என்று நீங்கள் சொல்லவில்லை, அதனால் திருப்பித் தருகிறேன் என்று அதில் எழுதுங்கள்.